நார்வேயில் இறக்கியது

1

போன வாரம் என் மகள் செல்வி பள்ளிக்கூடத்து நிலப்படப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பக்கம் முழுக்க ஒரு பெரிய வட்டம். ஐரோப்பாவில் கடல்மீன் பிடிக்கிற நாடுகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்று துண்டு துண்டாகக் காட்டுகிற வட்டம். ரஷ்யாவுக்குப் பெரிய துண்டு, நார்வேக்கும் பெரிய துண்டு, பிறகு டென்மார்க், ஸ்பெயின், ஐஸ்லாந்து, பிரிட்டன் என்று சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றுக்கும் வண்ணம் அடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நம்ம துண்டுக்கு மஞ்சள் அடிச்சிட்டேன்ப்பா" என்றாள்.

நம்ம துண்டா? எட்டிப் பார்த்தேன். மேற்கு ஜெர்மனி. கிழக்கு ஜெர்மனிக்குத் தனியாக ஒரு கீற்று, அதற்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. "இந்தியா எங்கடி?" என்று சும்மா கேட்டேன். "அது ஐரோப்பாவிலயா இருக்கு?" என்று தமிழில் தொடங்கி, மீதியை ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை. இங்கேயே பிறந்தவள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

சமையல்கட்டிலிருந்து வந்த என் மனைவி ரோஸ்லின் புத்தகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அதை மூடி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். "சோத்து நேரத்துல இது என்னத்துக்கு" என்றாள். செல்விக்குக் காரணம் புரியவில்லை. ரோஸ்லின் ஏன் மூடினாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதிரி வட்டங்களுக்குப் போகிற கணக்கைக் கூட்டிப் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாதத்துக் கணக்கில், நான் தெரிந்தே ஒரு பொய்யை எழுதினேன். ஊரில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை. எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பெயர் சேவியர். அப்பா வத்தைப் படகில் கடலுக்குப் போனவர். நான் படித்துவிட்டு மீன்வளத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் பயிற்சிக்கு என்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் என்று வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். பிரேமர்ஹாஃபன் என்கிற துறைமுகத்தில், மீன் கணக்கு எடுக்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை. பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். கோடு போட்டு, கட்டம் கட்டி, கூட்டுகிற வேலை.

வந்த புதிதில் என் மேலதிகாரி ஹெர் பேட்டர்சனை ஜெர்மனில் 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதம் கழித்து டைப் அடிக்கிற அம்மா காதோடு சொல்லும்வரைக்கும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷர். ஆனால் கணக்கில் கறார். முதல் நாளே எனக்கு இரண்டு விதி சொல்லிக்கொடுத்தார்.

முதல் விதி: மீன் எந்தக் கடலில் பிடித்தது, எந்த ஊர்க்காரன் பிடித்தான் என்பதெல்லாம் வேண்டாம். கப்பலில் எந்தக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுப் பங்கு. ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு போர்ச்சுக்கீசியன் இழுத்த மீன், ஜெர்மன் கொடி என்றால் ஜெர்மன் மீன்.

இரண்டாவது விதி: கரையில் இறக்காத மீன் மீனே இல்லை. கப்பல்கள் தினமும் காலையில் ரேடியோவில் கம்பெனிக்குச் சொல்லும், இன்றைக்கு இவ்வளவு வைத்திருக்கிறோம் என்று. கம்பெனி அதை எங்களுக்கு டெலக்ஸில் அனுப்பும். அதைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். கப்பல் வந்து, இறக்கி, எடை போட்ட சீட்டு கைக்கு வந்த பிறகுதான் பேனா.

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் ஊரிலும் கரைக்கு வந்த பிறகுதான் பங்கு. வத்தைக்கு, வலைக்கு, ஆளுக்கு, கோயிலுக்கு என்று மணலில் குவித்து வைப்பார்கள். படகு வைத்திருக்கிற சம்மாட்டியும் கூலிக்காரனும் அந்தக் குவியலுக்கு முன்னால்தான் சண்டை போடுவார்கள். இங்கே நாடுகள் போடுகின்றன. ஐஸ்லாந்துக்காரன் தன் கடல் எல்லையைத் தள்ளித் தள்ளிப் போட்டபோது பிரிட்டிஷ்காரனும் எங்கள் ஆட்களும் போட்ட கூச்சலைக் கேட்டு எனக்கு ஊர்க் கரையே ஞாபகம் வந்தது.

3

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் சவரிமுத்துவைப் பார்த்தேன். கறுத்த, ஒடிசலான மனுஷன், கோயிலில் கடைசி பெஞ்சு. யாழ்ப்பாணத்தில் பாசையூர்க்காரன். சரக்குக் கப்பலில் வேலைக்கு வந்து, இந்தத் துறைமுகத்தில் இறங்கி, தூரக் கடலுக்குப் போகிற ஒரு மீன் கப்பலில் டெக் ஆளாகச் சேர்ந்துவிட்டான். பூசை முடிந்து வெளியே வந்தபோது என் பக்கத்தில் வந்து, "நீங்கள் தமிழோ அண்ணை?" என்றான். ஆறு வருஷமாக அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவனை அப்படியே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவன் பேசுகிற தமிழைக் கேட்டு ரோஸ்லின் முதலில் சிரித்தாள். அவனும் எங்களைக் கேட்டுச் சிரித்தான். "நீங்கள் கதைக்கிறது படத்திலை கதைக்கிற மாதிரிக் கிடக்குது" என்பான். மூன்று வாரம் கடல், மூன்று நாள் கரை என்று அவன் வாழ்க்கை. அந்த மூன்று நாளில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குத்தான். வரும்போது ஒரு சிவப்பு மீன், இல்லாவிட்டால் காட் மீன் தலை, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். "இதை உங்கடை கணக்கிலை எழுதிப்போடாதேங்கோ" என்று கண்ணைச் சிமிட்டுவான்.

இரண்டு வருஷம் கழித்து மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டான். பிலோமினா வந்து பத்தாம் நாளே மீனைச் சதை பிரித்து எடுக்கிற ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் கத்தி பிடிக்கிறதைப் பார்த்து ஜெர்மன்காரிகளே வாயடைத்துப்போனார்கள் என்று சவரிமுத்து பெருமை பேசுவான். அவள் அவனை அதட்டுவாள். "சும்மா இருங்கோ. அண்ணை நம்பப்போறார்." மகள் ஜெயந்திக்கு அப்போது மூன்று வயசு இருக்கும்.

ஒருமுறை நான் அவனிடம் வேடிக்கையாகச் சொன்னேன், "டேய், நீ இழுக்கிற மீனெல்லாம் ஜெர்மன் மீனாத்தான் என் டேபிள்ல போகுது, தெரியுமா?" "அப்ப நான் அதிலை எங்கை அண்ணை?" என்று அவன் கேட்டான். நான் சாப்பிடச் சொன்னேன்.

4

பிலோமினா வந்த மறு வருஷக் குளிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, சவரிமுத்துவின் கப்பல் வழக்கம்போல ரேடியோவில் எண்ணைச் சொன்னது. வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. வடக்கே பெரிய புயல், பனிக்கட்டி கப்பலில் ஏறுகிறது என்று மற்றக் கப்பல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை டெலக்ஸ் வந்தபோது மற்ற எல்லாக் கப்பலுக்கும் எண் இருந்தது, அந்தப் பெயருக்கு எதிரே மட்டும் வெறுமை. கம்பெனி, கப்பலின் பெயரை எடுக்காமல் வெறுமையாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. பத்து நாள் அப்படி வந்தது. பதினோராம் நாள் பெயரும் வரவில்லை.

கப்பலின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதில் போன மற்ற ஆட்களுக்கும் வீடு இருக்கிறது.

தேடின விமானம் ஒரு மிதவையையும் சில பெட்டிகளையும் பார்த்தது என்றார்கள். ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் நான் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். என் தாளில் அந்த வியாழக்கிழமை எண் பென்சிலில் இருந்தது. விதிப்படி ரப்பரை எடுத்து அழிக்க வேண்டும். கரையில் இறக்காத மீன் மீனே இல்லை. ரப்பரை எடுத்தேன். கை போகவில்லை, சத்தியமாகப் போகவில்லை.

ஊரில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தெருவில், அப்பா காலத்தில், கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் அவன் பங்கை நிறுத்த மாட்டார்கள். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அவனோடு போன ஆட்கள் பங்கு போடும்போது அவனுக்கும் ஒரு குவியல் வைப்பார்கள். பங்கு வைக்காவிட்டால் அவனை நாமே கொன்றதாக ஆகிவிடும் என்று ஒரு பயம். என் சித்தப்பாவுக்கு அப்படி வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கே யார் வைப்பார்கள்? கொடிக்குப் பங்கு உண்டு, கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. அவனுக்கு?

வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறக்கிய மீனுக்கு எங்கள் தாளில் தனியாக ஒரு பத்தி இருந்தது. நம் கப்பல் வேறு நாட்டில் போய் இறக்கினால் அந்தச் சீட்டு வருவதற்கு இரண்டு மாதம்கூட ஆகும். அதனால் அந்தப் பத்தியில் மட்டும் சீட்டு இல்லாமலே பேனாவால் எழுத அனுமதி உண்டு. நான் அந்தக் கப்பல் பெயரை அங்கே எழுதினேன். எண்ணை எழுதினேன். நாடு என்கிற இடத்தில் நார்வே என்று எழுதினேன். ஏன் நார்வே? அங்கே ஒரு துறையில் இறங்கினபோது ஒரு கிழவி தனக்குக் கம்பளிக் கையுறை கொடுத்தாள் என்று சவரிமுத்து ஒருநாள் சொல்லியிருந்தான். வேறு காரணம் கிடையாது.

எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசாயிற்று. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன், மடையன்.

5

அந்தத் தாளை அச்சடித்து மீன் ஏலக்கூடத்திலும் ஆலைகளிலும் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? பத்து வருஷமாகத் தெரியும். அன்றைக்கு அது என் புத்தியிலேயே வரவில்லை.

ஒரு சாயங்காலம் கதவு மணி அடித்தது. பிலோமினா ஜெயந்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஆலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, ரப்பர் பூட்ஸோடு நிற்கிறாள். கையில் அந்தத் தாள், சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சேவியர் அண்ணை, இதிலை இவரின்ரை கப்பல் கிடக்குது. நோர்வேயிலை மீன் இறக்கினது எண்டு போட்டிருக்கினம். என்னோடை வேலை செய்யிற பொம்பிளை வாசிச்சுச் சொன்னவ. இறக்கினதெண்டால் ஆக்கள் இருக்கவேணும்தானே? மீன் தானா ஏறி வருமோ?"

முகமெல்லாம் வெளிச்சம். நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"எந்தத் துறையெண்டு சொல்லுங்கோ அண்ணை."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். தங்கச்சி, அது நான் எழுதின பொய் என்று ஒரு வரி. "தெரியலையே... நம்ம கப்பல் வழக்கமா ட்ரோம்சோவுலதான் இறக்கும்..." என்று இழுத்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"துரோம்சோ" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கப்பல் எங்கேயும் இறக்கவில்லை என்றது கம்பெனி. அவள் நம்பவில்லை. இன்ஷூரன்ஸ் வாங்கிவிட்டு மறைக்கிறார்கள், ஆட்களை வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்கள், இவருக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறார் என்று நாளுக்கு ஒன்று சொன்னாள். இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நார்வேக்கு விசா வாங்குவது லேசான காரியமா? என்ன காரணத்துக்குப் போகிறாய் என்று கேட்டார்களாம். அந்தத் தாளை நீட்டியிருக்கிறாள். கீழே எங்கள் ஆபீஸ் முத்திரை. அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் விசா குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெயந்தியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

6

பதினோரு நாள் அந்தக் குழந்தை எங்களோடு இருந்தது. செல்வியோடுதான் படுக்கும், செல்வியோடுதான் சாப்பிடும். செல்விக்கு அப்போது ஆறு வயசு. பெரிய மனுஷி மாதிரி அதற்குத் தலை சீவி விடுவாள். ஒருநாள் செல்வி அதனிடம் உன் அம்மா எங்கே என்று ஜெர்மனில் கேட்டாள். அது தமிழில் சொல்லிற்று: "அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டா."

நான் பக்கத்து அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட பாலிஷையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். நானே எழுதின பொய், எனக்கே அது நடந்ததாகத் தோன்றியது. ஆபீஸுக்குப் போனதும் டெலக்ஸ் தாளில் அந்தப் பெயரைத் தேடுவேன். மீன் கடைத்தெருவில் ஒடிசலான ஒருவன் முதுகைத் திருப்பி நின்றால் போய் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பின்னால் "அண்ணை" என்று கேட்டது. திரும்பினேன். துருக்கி மொழியில் 'அன்னே' என்று அம்மாவைக் கேட்டு அழுத தன் பிள்ளையை ஒரு துருக்கிக்காரர் அதட்டிக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

பிலோமினா திரும்பி வந்தாள். முகம் பனியில் வெடித்து, உதடு கறுத்துப்போயிருந்தது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ரோஸ்லின் காப்பி கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலும் பாத்தன். கோயிலிலும் கேட்டன். துறையிலை நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் இவரின்ரை படத்தைக் காட்டினன். ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றாள். பிறகு, "ஆனால் நோர்வே பெரிய நாடு அண்ணை. நீங்கள் வேறை துறையையும் விசாரியுங்கோ" என்றாள்.

அவள் போனதும் ரோஸ்லின் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே வந்து நின்றாள். அதுவரைக்கும் அவளுக்கும் நான் சொல்லவில்லை. "அந்தத் தாள எழுதுனது யாரு?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதே மாதம் ஹெர் பேட்டர்சனும் கூப்பிட்டார். நார்வேக்காரர்கள் தங்கள் துறைகளில் இறங்கின வெளிநாட்டு மீனுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள். எங்கள் தாளோடு அதை ஒத்துப் பார்க்க வேண்டும். அதில் அந்தக் கப்பல் இல்லை.

"இது என்ன?" என்றார்.

"தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

அவர் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த தாளில் திருத்தம் போட்டுவிடுங்கள் என்றார். ஐரோப்பா அளவில் பார்த்தால் ஒரு கப்பல் மீனால் எந்த நாட்டுப் பங்கும் மாறாது, தசமப் புள்ளிக்குப் பிறகு தள்ளிவிடுகிற இடத்தில் போய்விடும் என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

திருத்தம் வந்தது. பிலோமினா அதையும் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தீங்களே அண்ணை? முதலிலை உண்மையை எழுதிப்போட்டினம். பிறகு கம்பெனி சொல்லி அழிச்சுப்போட்டினம்."

7

ஆறு மாதம் ஆனதும் கோர்ட்டிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கடலில் காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லி அவள் ஓர் ஆன்ட்ராக், அதாவது மனு, கொடுக்க வேண்டும். கப்பலில் போன மற்றவர்களின் குடும்பங்கள் கொடுத்துவிட்டன. இவள் மாட்டேன் என்றுவிட்டாள். கொடுக்காவிட்டால் குழந்தைக்குப் பென்ஷன் கிடையாது. அதைவிடப் பெரிய தலைவலி, வெளிநாட்டவர் ஆபீஸ். அவள் இங்கே தங்கியிருப்பது இன்னாரின் மனைவி என்கிற பேரில். இன்னார் எங்கே? நீ மனைவியா, விதவையா, ஒன்றைச் சொல்லு, இல்லாவிட்டால் விசா நீட்ட முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் கடைசிக்குள் ஆன்ட்ராக் கொடுத்ததற்கான தாள் வர வேண்டும். வராவிட்டால் தாயும் பிள்ளையும் கிளம்ப வேண்டியதுதான்.

"என்னை அனுப்பினால் இவர் வந்து ஆரைத் தேடுவார்?" என்று ரோஸ்லினிடம் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு ரோஸ்லின் என்னிடம் வந்தாள். "நீங்க சொல்லுதியளா, நான் போய்ச் சொல்லட்டா? நான் சொன்னா அந்தப் புள்ள நம்ம ரெண்டு பேரு மூஞ்சியிலயும் முழிக்காது. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் போனேன். மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடி. கதவு திறந்து கிடந்தது, அவள் சமையல்கட்டு மேஜையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கோ அண்ணை. தகவல் ஏதும் வந்ததோ?"

உட்காராமலே சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். அந்தத் தாளை எழுதினது நான், அந்தக் கப்பல் எங்கேயும் இறக்கவில்லை, நார்வே என்பது என் கற்பனை, ட்ரோம்சோ என்பதும் என் வாயில் வந்தது. ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். எங்கள் கரையில் பங்கு வைக்கிற வழக்கத்தைச் சொன்னேன். அழிக்க மனசு வரவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். கத்தியைத் துடைத்து வைத்தாள். உள்ளே ஜெயந்தி ஜெர்மனில் தனக்குத்தானே ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்கடை பக்கமும் பங்கு வைப்பினம் அண்ணை" என்றாள். "வைச்சுப்போட்டு வீட்டை கொண்டுவந்து குடுப்பினம். குடுக்கேக்கை அந்த வீட்டிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவினம். இந்த எட்டு மாசத்திலை நீங்கள் ஒரு நாள் இந்தப் படி ஏறினனீங்களோ?"

ஏறவில்லை. ரோஸ்லின் போவாள், வருவாள். பிலோமினாதான் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் ஒரு நாள்கூட அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருந்தது, தலைவலி இருந்தது, ஏதோ ஒன்று இருந்தது.

அவள் உள்ளே போனாள். ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த அந்த ஆன்ட்ராக்கை எடுத்து வந்து மேஜையில் விரித்தாள். பக்கத்தில் ஒரு பேனா வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருந்து எழுதுங்கோ."

"நானா?"

"நீங்கள்தானே இவரை நோர்வேயிலை இறக்கினனீங்கள். நீங்களே திருப்பிக் கடல்லை விடுங்கோ."

எழுதினேன். பெயர், பிறந்த ஊர், கப்பல், வேலை. பாசையூர் என்பதை ஜெர்மன் எழுத்தில் எழுத மூன்று தரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவள் ஓம், ஓம் என்றாள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் நாள் கேட்டிருந்தது, ஆள் இறந்திருக்கக்கூடிய நாள். நான் நிறுத்தினேன்.

"என்ன கேட்டிருக்கு?"

சொன்னேன்.

"எந்த நாள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

கடைசியாக ரேடியோவில் எண் வந்த நாள் தெரியும். அன்றைக்கோ அதற்கு அடுத்த இரவோ என்று கம்பெனி சொல்லியிருந்தது. அந்தத் தேதியைச் சொன்னேன்.

"என்ன கிழமை அண்டைக்கு?"

"வியாழக்கிழமை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வியாழன். அண்டைக்கு எனக்கு லீவு. தலை முழுகிப் பிட்டு அவிச்சனான். பின்னேரம் இவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ச் சப்பாத்து வாங்கினனான். நல்ல சந்தோஷமாத் திரிஞ்சனான் அண்ணை."

எழுதுங்கோ என்று அவள் மறுபடியும் சொன்ன பிறகு எழுதினேன். நாள், மாதம், வருஷம். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும் என்று ஆபீஸில் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். அந்தத் தேதியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கத்தி பட்ட பழைய காயங்கள்.

"இதை இனி ஆராவது பிழையெண்டு திருத்துவினமோ?"

"மாட்டாங்க தங்கச்சி."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப சரி" என்று பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டாள். தாளை மடித்து என்னிடம் தந்தாள். அதன் பிறகுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். உள்ளே எண்ணிக்கொண்டிருந்த குழந்தை எண்ணுவதை நிறுத்திவிட்டது. நான் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.